ரிட்டக்ஸிமேப் தொடங்கும் முன் தடுப்பூசி: நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு எவ்வளவு பலன் கிடைக்கும்?

வான்மழை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு முடக்குவாதம் இருப்பது உறுதியாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. வாரம் ஒரு முறை 15 மில்லிகிராம் மெத்தோட்ரெக்ஸேட், நாள்தோறும் காலையில் 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோன், இவற்றோடு ஃபோலிக் அமிலம் எடுத்து வருகிறேன். இடையில் அடலிமுமேப் ஊசியும் போட்டுப் பார்த்தாயிற்று. இத்தனைக்கும் பிறகு விரல் மூட்டுகளின் வீக்கமும் காலை நேர விறைப்பும் அடங்கவில்லை என்பதால், அடுத்த கட்டமாக ரிட்டக்ஸிமேப் ஏற்றலாம் என்று என் வாதநோய் மருத்துவர் கூறியிருக்கிறார்.

அவர் அந்த முடிவைச் சொன்ன கையோடு, "அதற்கு முன் தடுப்பூசிகளையெல்லாம் முடித்துக்கொண்டு வாருங்கள்" என்று கூறிச் சீட்டில் ஃப்ளூ, நிமோனியா, அக்கி ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்தார். காத்திருப்போர் வரிசை நீளமாக இருந்ததால், ஏன் முன்பே போட வேண்டும், பிறகு போட்டால் என்ன என்று விரிவாகக் கேட்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது உறவினர் ஒருவர், "எதிர்ப்புச் சக்தியை அடக்கத்தானே இத்தனை மருந்து சாப்பிடுகிறாய், அடக்கி வைத்த உடம்பில் தடுப்பூசி போட்டு என்ன பயன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

நான் அறிய விரும்புவது இவைதாம். இப்போது நான் எடுக்கும் மருந்துகளோடு தடுப்பூசி போட்டால் உண்மையில் எவ்வளவு பாதுகாப்புக் கிடைக்கும்? ரிட்டக்ஸிமேப் ஏற்றிய பிறகு அது எவ்வளவு குறையும்? தடுப்பூசிக்காக மெத்தோட்ரெக்ஸேட்டைச் சில வாரங்கள் நிறுத்துவார்கள் என்று கேள்விப்பட்டேன், அது சரியா? உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் எங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்து என்கிறார்களே, என் சீட்டில் இருப்பவற்றில் ஏதேனும் அந்த வகையா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மருந்தாளுநன் எழுதியது:

வணக்கம் அம்மா. நான் மருத்துவமனை மருந்தகம் ஒன்றில் பணிபுரிகிறேன்; வாதநோய்ப் பிரிவுக்கு மருந்து வழங்குவதும், நோயாளிகளுக்கு அதை விளக்குவதும் என் அன்றாட வேலை. நீங்கள் கேட்டவற்றுக்கு என்னால் இயன்றவரை பதில் சொல்கிறேன். முடிவு உங்கள் மருத்துவருடையதாகவே இருக்கட்டும்.

உங்கள் உறவினரின் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் எல்லாம் ஒரே இடத்தில், ஒரே அளவில் அடக்குவதில்லை. தடுப்பூசி வேலை செய்வதற்கு உடலில் பல வகைச் செல்கள் அடுத்தடுத்து இயங்க வேண்டும்: கிருமியின் கூறு ஒன்றைப் பிடித்து அடையாளம் காட்டுபவை, அதைக் கண்டு பெருகும் டி செல்கள், அவற்றின் துணையோடு ஆன்டிபாடியை உருவாக்கும் பி செல்கள், அந்த பி செல்களிலிருந்து முதிர்ந்து எலும்பு மஜ்ஜையில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும் பிளாஸ்மா செல்கள். நீங்கள் எடுக்கும் மருந்து இந்தத் தொடரில் எந்தக் கண்ணியைத் தொடுகிறது என்பதைப் பொறுத்தே தடுப்பூசியின் பலன் குறைவதும் குறையாததும் அமைகிறது.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலாஸின் போன்றவற்றால் பெரிதாக எந்தப் பாதிப்பும் இல்லை. நீங்கள் முன்பு போட்டுக்கொண்ட அடலிமுமேப் வகை ஊசிகளால் ஓரளவு குறைவு ஏற்படலாம், உருவான ஆன்டிபாடியும் சற்று விரைவாக மங்கலாம். ஆனாலும் பெரும்பாலோருக்குப் போதுமான எதிர்வினை கிடைத்துவிடுகிறது. பிரெட்னிசொலோனைப் பொறுத்தவரை அளவுதான் முக்கியம். நாளொன்றுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் எடுப்பவர்களையே கணிசமாக எதிர்ப்பு குன்றியவர்களாக மருத்துவ வழிகாட்டுதல்கள் கருதுகின்றன. உங்களுடைய 5 மில்லிகிராம் அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது.

மெத்தோட்ரெக்ஸேட் விஷயம் சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. தென்கொரியாவில் முடக்குவாத நோயாளிகளிடையே நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஃப்ளூ தடுப்பூசி போட்ட பின் இரண்டு வாரங்கள் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தியவர்களில் 75.5 விழுக்காட்டினருக்குத் திருப்தியான எதிர்வினை கிடைத்தது. நிறுத்தாமல் தொடர்ந்தவர்களில் அது 54.5 விழுக்காடாக இருந்தது. நிறுத்தாதவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பலன் கிடைத்திருப்பதை உங்கள் உறவினரிடம் சொல்லுங்கள். பிரிட்டனில் 254 பேரை வைத்து நடத்தி 2022-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், கோவிட் தடுப்பூசியின் கூடுதல் தவணைக்குப் பின் இரண்டு வாரங்கள் நிறுத்தியவர்களின் ஆன்டிபாடி அளவு, நிறுத்தாதவர்களைப் போல ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. அதே சமயம் அந்த இடைவெளியில் மூட்டு வலி கிளம்பியவர்களும் அவர்களில் கூடுதலாக இருந்தனர். பெரும்பாலோர் அதைத் தாமே சமாளித்துக்கொண்டனர் என்றாலும், அது மறைக்கக் கூடியதன்று.

இங்கே கவனிக்க வேண்டியது, நிறுத்துவது ஊசிக்குப் பின்னர்தானே தவிர முன்னர் அன்று. ஊசி போட்ட அடுத்த சில நாள்களில்தான் அந்தச் செல்கள் பெருகுகின்றன. அந்தப் பெருக்கத்தைத்தான் மெத்தோட்ரெக்ஸேட் தடுக்கிறது. அமெரிக்க வாதநோயியல் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2022-இல் வகுத்த வழிகாட்டுதல், நோய் கட்டுக்குள் இருந்தால் ஃப்ளூ ஊசிக்குப் பின் இரண்டு வாரங்கள் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தலாம் என்றும், உயிரற்ற மற்றத் தடுப்பூசிகளுக்கு மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே போடலாம் என்றும் கூறுகிறது. உங்களுக்கு நோய் கட்டுக்குள் இல்லாததால்தான் ரிட்டக்ஸிமேப் வரைக்கும் பேச்சு வந்திருக்கிறது. ஆகவே நிறுத்துவதா வேண்டாமா என்பதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது ரிட்டக்ஸிமேப். இது பி செல்களின் மேற்பரப்பில் உள்ள சிடி20 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு அந்தச் செல்களை அழிக்கிறது. இரத்தத்தில் பி செல்கள் மீண்டும் தலைகாட்ட ஆறு மாதமோ, சிலருக்கு ஓராண்டுக்கு மேலோ ஆகும். அந்த இடைவெளியில் புதிதாக ஒரு தடுப்பூசி போட்டால், ஆன்டிபாடியை உருவாக்க வேண்டிய செல்லே இல்லாத நிலையில்தான் அது உடலுக்குள் போகிறது. ஆனால் முன்பே உருவாகி முதிர்ந்துவிட்ட பிளாஸ்மா செல்களின் மேல் சிடி20 கிடையாது. ஆகையால் ரிட்டக்ஸிமேப் அவற்றை நேரடியாகத் தொடுவதில்லை. அதாவது, மருந்துக்கு முன்பே சம்பாதித்த எதிர்ப்பு பெரும்பாலும் நிலைக்கிறது, மருந்துக்குப் பின் புதிதாகச் சம்பாதிப்பதுதான் கடினம். உங்கள் மருத்துவர் "முன்பே முடித்துக்கொண்டு வாருங்கள்" என்று சொன்னதற்கு முழுக் காரணமும் இதுதான். முதல் ஏற்றத்துக்குக் குறைந்தது இரண்டு வாரங்கள், முடிந்தால் நான்கு வாரங்கள் முன்னதாகத் தடுப்பூசிகளை முடிப்பது நல்லது.

ஏற்கெனவே ரிட்டக்ஸிமேப் எடுத்துக்கொண்டிருப்பவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. அவர்களுக்கு, அடுத்த ஏற்றம் வரவேண்டிய நேரத்தில் தடுப்பூசியைப் போட்டு, அதன் பின் குறைந்தது இரண்டு வாரம் கழித்து மருந்தை ஏற்றுவது வழக்கம். ஃப்ளூ ஊசி மட்டும் இதற்கு விதிவிலக்கு. ஃப்ளூ பரவும் பருவம் நம் ஏற்ற அட்டவணைக்காகக் காத்திருக்காது என்பதால், கிடைக்கிற நேரத்தில் போட்டுவிடச் சொல்கிறார்கள். ஆன்டிபாடி உருவாகாவிட்டாலும் டி செல் எதிர்வினை பலருக்கு உருவாகிறது என்பது கோவிட் காலத்தில் ரிட்டக்ஸிமேப் நோயாளிகளிடம் தெளிவாகத் தெரிந்தது. டி செல் தொற்றையே தடுத்துவிடாது; ஆனால் தொற்றிய செல்களை அழித்து, நோய் முற்றாமல் தடுப்பதில் அதற்குப் பங்குண்டு.

உங்கள் சீட்டில் உள்ள மூன்றைப் பற்றி. ஃப்ளூ ஊசியாகப் போடப்படுவது உயிரற்றது. மூக்கில் தெளிக்கும் வகை மட்டும் வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ், அது உங்களுக்கு வேண்டாம். நிமோனியாத் தடுப்பூசிகள் எல்லாமே உயிரற்றவை. அவற்றில், கிருமியின் சர்க்கரைப் பூச்சை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்த வகை, டி செல்களையும் வேலைக்கு அழைப்பதால் நினைவாற்றலுள்ள எதிர்ப்பைத் தருகிறது. சர்க்கரைக் கூறு மட்டும் உள்ள பழைய 23 வகைத் தடுப்பூசியால் அது முடியாது. எனவே இணைப்பு வகையே முதலில் வர வேண்டும். 20 வகைக் கிருமிகளுக்கான இணைப்புத் தடுப்பூசி கிடைத்தால் அந்த ஒன்றே போதும். 13 அல்லது 15 வகைக்கானது கிடைத்தால், குறைந்தது எட்டு வாரம் கழித்து 23 வகை ஊசியைப் போடுவார்கள்.

அக்கிக்கு இரண்டு விதமான தடுப்பூசிகள் வந்தன. பழையது உயிருள்ள வைரஸைக் கொண்டது. ஷிங்ரிக்ஸ் என்ற புதியது வைரஸின் ஒரு புரதத்தையும், எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளையும் மட்டுமே கொண்டது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன, எதிர்ப்பு குன்றாதவர்களிடம் 2015-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் அதன் பலன் 97.2 விழுக்காடு. கடுமையான கீமோதெரபிக்குப் பின் தம் சொந்த ஸ்டெம் செல்லையே திரும்பப் பெற்ற நோயாளிகளிடம் 2019-இல் வெளிவந்த ஆய்வில் அது 68.2 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் அம்மா. உங்களைவிடப் பன்மடங்கு எதிர்ப்பு குன்றியவர்களிடமே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அக்கி தடுக்கப்பட்டிருக்கிறது. குறைவதும் இல்லாமல் போவதும் ஒன்றன்று.

சாதாரணமாக ஷிங்ரிக்ஸின் இரு தவணைகளுக்கும் இடையே இரண்டு முதல் ஆறு மாதம் விடுவார்கள். உங்களைப் போல மருந்து தொடங்கவிருப்பவர்களுக்கு ஒன்று முதல் இரண்டு மாத இடைவெளியிலேயே முடிக்கலாம்.

இரண்டாம்பிறவி எழுதியது:

மருந்தாளுநர் ஐயா முடக்குவாதத்தை வைத்து நன்றாக விளக்கிவிட்டார். நான் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவன். டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசொலோன் ஆகிய மூன்றும் என் வாழ்நாள் மருந்துகள். இந்த இழையைத் தேடி வரும் மாற்று உறுப்பாளர்கள் சிலருக்காவது என் அனுபவமும் நான் வாசித்து அறிந்ததும் உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் நிலை முடக்குவாத நோயாளிகளின் நிலையைவிடக் கடினமானது. அதற்கு முக்கியக் காரணம் மைக்கோஃபினோலேட். அது பி செல், டி செல் இரண்டும் பெருகுவதைத் தடுக்கிறது. 2021-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உறுப்பு மாற்றம் செய்துகொண்ட 436 பேரைப் பரிசோதித்தபோது, எம்ஆர்என்ஏ வகைக் கோவிட் தடுப்பூசியின் முதல் தவணைக்குப் பின் 17 விழுக்காட்டினரிடம் மட்டுமே ஆன்டிபாடி தென்பட்டது. இரண்டாம் தவணைக்குப் பின் அவர்களே வெளியிட்ட அடுத்த ஆய்வில் அது 54 விழுக்காடாக உயர்ந்தது. அந்த முதல் எண் செய்தியாக வந்த நாளில் எங்கள் மாற்றுச் சிறுநீரகக் குழுவில் இருந்தவர்கள் எவ்வளவு சோர்ந்துபோனோம் என்பதைச் சொல்லி முடியாது. மற்றவர்கள் எல்லாம் முகக்கவசத்தைக் கழற்றத் தொடங்கிய நேரம் அது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. பிரான்ஸின் துலூஸ் நகரில் 101 பேரிடம் மூன்றாவது தவணை போட்டுப் பார்த்தார்கள். ஆன்டிபாடி உள்ளவர்களின் பங்கு 40 விழுக்காட்டிலிருந்து 68 விழுக்காடாக ஏறியது. கனடாவின் டொராண்டோவில் பாதிப் பேருக்கு மூன்றாவது தவணையும் மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டு நடத்திய சோதனையும் அதே திசையில்தான் முடிந்தது. இவற்றைத் தொடர்ந்து 2021 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எங்களைப் போன்றவர்களுக்கு மூன்றாவது தவணையை அனுமதித்தது. எங்களுக்கு ஒரு தவணை கூடுதலாகத் தேவை என்பது இப்படி அளந்து பார்த்து எட்டிய முடிவு. ஆகவே உங்களைக் கூடுதல் தவணைக்கு அழைத்தால், முந்தையது வீணாகிவிட்டதே என்று எண்ண வேண்டாம்; முந்தையவற்றின் மேல்தான் அடுத்தது ஏறி நிற்கிறது.

மெத்தோட்ரெக்ஸேட்டை இரண்டு வாரம் நிறுத்தலாம் என்று மேலே வாசித்துவிட்டு, மாற்று உறுப்பாளர் எவரும் தம் மாத்திரைகளில் கைவைத்துவிடக் கூடாது என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். மூட்டு வலி கிளம்பினால் மீண்டும் அடக்கலாம். உடல் மாற்றுச் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கினால் இழப்பது அந்தச் சிறுநீரகத்தையே. எங்கள் மருந்தைக் குறைப்பதென்றால் அது மாற்றுச் சிகிச்சைக் குழு இரத்தப் பரிசோதனைகளோடு எடுக்க வேண்டிய முடிவு.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் இங்கே குறிப்பிட வேண்டும். டயாலிசிஸ் காலத்திலேயே எனக்கு அதைப் போட்டார்கள். வழக்கமான அளவைப் போல இரு மடங்கு, நான்கு தவணை. கடைசித் தவணைக்குப் பிறகு ஒரு மாதம் கழித்து இரத்தம் எடுத்து, லிட்டருக்கு 10 அலகுக்கு மேல் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணை என் தடுப்பூசி அட்டையில் செவிலியர் சிவப்பு மையால் எழுதி வட்டமிட்டுக் கொடுத்தார். மாற்று அறுவைக்குப் பிறகு அதே ஊசியைப் போட்டிருந்தால் அந்த எண் எட்டியிருக்குமா என்பது ஐயமே. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்கள் டயாலிசிஸ் காலத்தை இதற்குப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

தடுப்பூசி முழுப் பாதுகாப்புத் தராத எங்களுக்கு, தொற்று வந்தால் என்ன செய்வது என்ற திட்டமும் கையில் இருக்க வேண்டும். கோவிட் வந்தால் கொடுக்கப்படும் பேக்ஸ்லோவிட் மாத்திரையில் உள்ள ரிட்டோனவிர், டாக்ரோலிமஸை உடல் வெளியேற்றுவதைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவை நச்சு நிலைக்கு ஏற்றிவிடும். எனவே எங்கள் மருந்துப் பட்டியலைப் பார்க்காத மருத்துவர் எவரிடமும் அந்த மாத்திரையை வாங்கி விழுங்கக் கூடாது. காய்ச்சல் தொடங்கிய நாளிலேயே மாற்றுச் சிகிச்சைக் குழுவை அழைக்க வேண்டும்.

வான்மழை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பிளாஸ்மா செல்களைப் பற்றிய விளக்கம் படித்தபோதுதான் மருத்துவரின் அவசரம் எனக்குப் புரிந்தது. இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் என் மகளின் கைக்குழந்தை இருக்கிறது. அடுத்த வாரம் குழந்தைக்கு ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். அது உயிருள்ள மருந்து என்று மகள் படித்துவிட்டு, எனக்காக அதைத் தள்ளிப்போடலாமா என்று கேட்கிறாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஆனால் உள்ளூர அச்சம் இருக்கிறது. அடுத்து, ஊசி போட்ட பிறகு ஆன்டிபாடி பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளலாமா? தடுப்பூசியே மூட்டு நோயைக் கிளப்பிவிடும் என்று சொல்வது உண்மையா?

செவிலி எழுதியது:

வணக்கம் அம்மா. தடுப்பூசிப் பிரிவில் பணியாற்றும் செவிலியர் நான். மகளிடம் நீங்கள் சொன்னது சரியான பதில். குழந்தையின் சொட்டு மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். ரோட்டா வைரஸ் மருந்தின் முதல் தவணையைக் குறிப்பிட்ட வயதுக்குள் தொடங்காவிட்டால் பிறகு கொடுக்கவே முடியாமல் போய்விடும்.

அந்த மருந்தில் உள்ள வலுக்குறைந்த வைரஸ் சில நாள்களுக்குக் குழந்தையின் மலத்தில் வெளியேறும் என்பது உண்மை. அதனால் ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் ஏறக்குறைய நான்கு வாரத்துக்குக் குழந்தையின் அரையாடையை மாற்றும் வேலையை மற்றவர்கள் செய்யட்டும். நீங்களே செய்ய நேர்ந்தால் சோப்பு போட்டு, விரல் இடுக்குகள் உட்பட நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். குழந்தையைத் தூக்குவதற்கும் கொஞ்சுவதற்கும் தடையில்லை. பின்னாளில் வரும் தட்டம்மைத் தடுப்பூசியால் வீட்டில் இருப்பவர்களுக்கு நோய் பரவுவதில்லை. சின்னம்மைத் தடுப்பூசி போட்ட பிறகு குழந்தையின் உடலில் கொப்புளம் எழும்பினால் மட்டும், அது காய்ந்து பொருக்காகும் வரை நீங்கள் விலகியிருக்க வேண்டும். போலியோவுக்கு வாய்வழிச் சொட்டுக்குப் பதிலாக ஊசி வகை கிடைக்குமானால் உங்கள் வீட்டுக்கு அதுவே ஏற்றது. வாய்வழிச் சொட்டுதான் தரப்படும் என்றால், உங்கள் மருந்தைக் குழந்தையின் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்களைச் சுற்றி இருப்பவர்கள் போட்டுக்கொள்ளும் தடுப்பூசியும் உங்களுக்கான பாதுகாப்புத்தான். ரிட்டக்ஸிமேப் தொடங்கிய பின் உங்கள் உடலால் ஃப்ளூவுக்கு எதிராகப் போதிய ஆன்டிபாடியை உருவாக்க முடியாமல் போகலாம். ஆனால் மகளும் மருமகனும் ஆண்டுதோறும் போட்டுக்கொண்டால் அந்த வைரஸ் வீட்டுக்குள் நுழையும் வாய்ப்பே குறைகிறது. என் மேசைக்கு வரும் நோயாளிகளிடம் நான் முதலில் கேட்பதே, "உங்களோடு ஒரே வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் போட்டுக்கொண்டார்களா?" என்பதைத்தான். பலரும் வியப்போடு பார்க்கிறார்கள். மருந்து எடுப்பவருக்கு மட்டுமே ஊசி என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

ஆன்டிபாடி பரிசோதனை பற்றி: இரண்டாம்பிறவி அவர்கள் குறிப்பிட்ட ஹெபடைடிஸ் பி-க்கு 10 என்ற தெளிவான எல்லை இருக்கிறது, அங்கே பரிசோதனைக்குப் பொருள் உண்டு. கோவிடுக்கு அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை எதுவும் இல்லை. மேலும் சில கோவிட் பரிசோதனைகள் வைரஸின் உள்ளுறைப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடுகின்றன. எம்ஆர்என்ஏ தடுப்பூசியோ வைரஸின் கூர்முனைப் புரதத்தை மட்டுமே உடலுக்குக் காட்டுகிறது. எனவே நன்றாகப் பலன் கிடைத்தவருக்குக்கூட அந்தச் சீட்டில் "இல்லை" என்று வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். "உண்டு" என்று வந்த சீட்டை நம்பித் தற்காப்பைக் கைவிடுவதும் அதே அளவு பிழையானது. ஃப்ளூவுக்கும் அக்கிக்கும் ஊசிக்குப் பிறகு இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை இல்லை.

தடுப்பூசியால் மூட்டு நோய் கிளம்புமா என்றால், ஊசிக்குப் பின் சிலருக்கு வலி கூடுவது உண்டு. பெரும்பாலும் அது லேசானது, தானே அடங்குவது. ஷிங்ரிக்ஸ் மட்டும் முதல் ஓரிரு நாள்களில் கை வலி, உடல் வலி, குளிர், காய்ச்சல் என்று கொஞ்சம் படுத்தும். அதன் துணைப்பொருள் எதிர்ப்பை வலுவாகத் தூண்டுவதன் விளைவு அது. உடல் முழுவதும் வலித்து மூன்று நாளுக்குள் தணிந்தால் அது ஊசியின் வேலை. ஏற்கெனவே நோய் கண்ட மூட்டுகள் வீங்கிச் சூடேறி, காலை விறைப்பு ஒரு வாரத்துக்கு மேலும் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

யாரும் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. ரிட்டக்ஸிமேப் ஏற்றுவதற்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டும். எப்போதோ வந்து அடங்கிய அந்த வைரஸ், பி செல்கள் அழிந்த நிலையில் மீண்டும் கிளம்பிக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும். மேற்பரப்பு ஆன்டிஜென் எனப்படும் வைரஸின் மேற்பரப்புப் புரதம், அதன் உள்ளகப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி ஆகிய இரண்டையும் பார்ப்பார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் போடுவதாக இருந்தால், முதலில் இரத்தம் கொடுத்துவிட்டு அதன் பிறகு ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஊசியில் இருப்பதே அந்த ஆன்டிஜென் என்பதால், போட்ட பிறகு இரண்டு மூன்று வாரங்களுக்குள் இரத்தம் எடுத்தால் நோய் இருப்பதுபோலப் பொய்யாகக் காட்டும் வாய்ப்பு உண்டு.

மருந்தாளுநன் எழுதியது:

செவிலி அம்மையார் சொன்ன ஹெபடைடிஸ் பி எச்சரிக்கையை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய அளவுக்கு அது முக்கியமானது, நன்றி.

வான்மழை அம்மா, இனி நாள் கணக்கைப் பார்ப்போம். ஃப்ளூ, நிமோனியா, அக்கி மூன்றும் உயிரற்றவை என்பதால் ஒரே நாளில் வெவ்வேறு இடங்களில் போடலாம். ஷிங்ரிக்ஸால் வரும் காய்ச்சலை எண்ணிச் சிலர் அதை மட்டும் வேறொரு நாளுக்கு ஒதுக்குவார்கள், அதில் தவறில்லை. ஷிங்ரிக்ஸின் இரண்டாம் தவணை ஒரு மாதத்துக்குப் பிறகு, அதிலிருந்து இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து ரிட்டக்ஸிமேப் என்று வைத்தால் மொத்தம் ஏறக்குறைய இரண்டு மாதம் தேவைப்படும்.

உங்கள் விரல் மூட்டுகள் அந்த இரண்டு மாதம் தாங்குமா என்பதுதான் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. மூட்டு அரிப்பு வேகமாக நடக்கிறது, காத்திருக்க முடியாது என்று அவர் கருதினால், தடுப்பூசிக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அப்படியானால் மூன்று ஊசிகளையும் இப்போதே ஒரு தவணை போட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து ரிட்டக்ஸிமேப் ஏற்றலாம். ஷிங்ரிக்ஸின் இரண்டாம் தவணையை அடுத்த சுற்று ஏற்றத்துக்குச் சில வாரங்கள் முன்னதாகப் போட்டுக்கொள்ளலாம். இடைவெளி ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டாலும் முதலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை, விட்ட தவணையைப் போட்டால் போதும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, போட்ட ஒவ்வோர் ஊசியின் பெயரும் தேதியும் எழுதிய தாள் ஒன்றைக் கொண்டுபோய், ரிட்டக்ஸிமேப் ஏற்றும் தேதியையும் அதே தாளில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.